தாட்சாயினி நம்பாத நடிகர்

தாட்சாயினி யாரையும் நம்பமாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது. பால் பாட்டிலில் அச்சடித்திருக்கும் தேதியை நம்பமாட்டாள், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்ப்பாள். நாளைக்கு ஷிஃப்ட் மாறியிருக்கிறது என்று நான் வாயால் சொன்னால் போதாது. "மெசேஜாப் போட்டு விடுங்கோ அக்கா" என்பாள். போட்டால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வாள்.

மெல்பர்னின் கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு முதியோர் இல்லம். அதில் காலை ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பான நர்ஸ் நான். பெயர் பார்கவி, ஊர் திருச்சி. தாட்சாயினி அங்கே பராமரிப்பு வேலை செய்கிறாள். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, சாப்பிட வைப்பது. நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, எண்பது கிலோ மனிதரை ஒற்றை ஆளாகக் கட்டிலில் புரட்டிப் போடும் கை.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆகா, நம்ம தமிழ்ப் பொண்ணு வந்திருக்கிறதே என்று ஆசையாகப் போய், "உனக்கு ஸ்ரீலங்காவில் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் கேக்கிறியள்?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் என்ன உளவா பார்க்கிறேன்? மூன்று மாதம் அவளோடு வேலையைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. நாலாவது மாதம் ஒரு மத்தியானம் அவளாகவே புட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "கிளிநொச்சி அக்கா. நீங்கள் அண்டைக்குக் கேட்டனீங்கள்" என்றாள். என்னைப் பற்றி விசாரித்து முடிக்க அவளுக்கு அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

பதினாலாம் நம்பர் அறையில் ஆர்தர் பெல் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்து, அறுபதுகளில் கப்பலேறி மெல்பர்ன் வந்தவர். தொண்ணூற்றிரண்டு வயது, ஆறடி உயரம், அந்த வயதிலும் தலை நிறைய வெள்ளை முடி. அவருடைய வினோதமான பழக்கம், நிற்பது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டு, தோளைச் சாய்க்காமல், ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பார். உட்காருங்கள் என்றால், "இது என் தொழில், அம்மணி" என்பார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷில். நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

புதன்கிழமை மதியம் எங்கள் இல்லத்தில் பழைய படம் போடுவார்கள். நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் டோனா என்ற பெண், அந்தக் காலத்து பிரிட்டிஷ் நட்சத்திரங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டி "இது யார்?" என்பாள். பெற்ற மகளின் பெயரை மறந்துபோன பாட்டிமார்கூட, அந்த மீசைக்கார நடிகரின் பெயரையும், அவர் யாரைக் கட்டினார், யாரை விட்டார் என்பதையும் கடகடவென்று சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் கன்னம் சிவப்பதைப் பார்க்க வேண்டுமே!

அந்த வரிசையில் ஹியூகோ ஆஷ்டன் என்ற நடிகரின் படம் வந்தால் ஆர்தர் எழுந்துவிடுவார். "இவருக்காக நான் நின்றிருக்கிறேன்" என்பார். பெரிய நடிகர் மேக்கப் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, விளக்குகளைச் சரிபார்ப்பதற்காக அவருடைய உயரமும் முடியும் உள்ள ஒருவர், அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டுமாம். எல்லாம் சரியானதும் நடிகர் வருவார், இவர் விலகிவிடுவார். அந்த வேலையைத்தான் ஐந்து வருஷம் செய்ததாகச் சொன்னார். ஆஷ்டனுக்கு எப்போதும் கால் குளிருமாம், பளபளக்கும் பூட்ஸுக்குள் முரட்டுக் கம்பளிக் காலுறை போட்டிருப்பாராம். கதாநாயகியாக நடித்த ஹெலன் மார்ச்பேங்க்ஸ் காதல் காட்சிக்கு முன்னால் வேண்டுமென்றே வெங்காயம் தின்றுவிட்டு வருவாளாம். பாட்டிமார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"ஒரே ஒரு படத்தில் நானே வருகிறேன்" என்பார் கடைசியில். "கலங்கரை விளக்கப் படத்தில். ஆஷ்டனுக்கு அன்று காய்ச்சல். புயலில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறவன் நான்தான். முதுகு மட்டும்."

தாட்சாயினி என் காதோரம் வந்து, "முகம் தெரியாதாம், முதுகு மட்டும் தெரியுமாம். நல்ல வசதியாப் போச்சு" என்றாள்.

"உனக்கென்னம்மா, கிழவர் சந்தோஷமா சொல்லிட்டுப் போறார்."

"ஒரு போட்டோகூட இல்லை அக்கா. நான் அலுமாரி எல்லாம் பாத்திட்டன்."

பாருங்கள், அலமாரி வரைக்கும் போயிருக்கிறாள்!

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்தர் காணாமல் போனார். நகரத்தில் ஒரு தியேட்டரில் பழைய பிரிட்டிஷ் படங்களை வாரம் முழுக்கப் போடுகிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கலங்கரை விளக்கப் படம். கூட்டிப்போகச் சொல்லி டோனாவிடம் கேட்டிருக்கிறார். வேன் அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். மனிதர் என்ன செய்தார்? டை கட்டினார், கோட்டு மாட்டினார், யாரோ ஒரு விருந்தாளி வெளியே போகும்போது அவர் பின்னாலேயே கதவைத் தாண்டிவிட்டார். நேராக ஸ்டேஷனுக்குப் போய், நகரத்துக்கு எந்த வண்டி என்று கேட்டு, "நான் நடித்த படம் ஓடுகிறது, அதைப் பார்க்கப் போகிறேன்" என்றும் சொல்லியிருக்கிறார். கையில் எங்கள் இல்லத்தின் பெயர் போட்ட பட்டி, அதைப் பார்த்து ஸ்டேஷன்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் போலீஸ் காரில் திரும்பி வந்தார்.

"சினிமாவுக்குப் போனது ஒரு குற்றமா?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஆள் கிடைத்தாரே என்ற நிம்மதிதான் எனக்கு இருந்தது.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் வந்து பார்த்தார். சிட்னியில் இருக்கும் மகளுக்கு போன் போட்டார். "நடிகரா? அப்பா வாழ்நாள் முழுக்கத் தச்சர், டாக்டர். மெல்பர்னில் பாதி வீட்டுக்கு ஜன்னல் போட்டவர். சினிமா என்று ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை" என்றாள் மகள். ஆர்தர் அதற்கும் ஒரு காரணம் சொன்னார். அவர் மனைவிக்கு சினிமாக்காரர்களைக் கண்டாலே ஆகாதாம், வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கித்தான் கப்பலேறினாளாம். காரணம் கேட்கக் கேட்க எங்கள் சந்தேகம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். கதை உண்மை என்றால் ஆர்தர் படம் பார்க்கப் போன மனிதர், அவ்வளவுதான். கதை கற்பனை என்றால், கற்பனையை நம்பித் தெருவில் இறங்குகிற மனிதர், பூட்டு வார்டுக்கு மாற்ற வேண்டும். இரண்டு வாரம் அவர் பேசுவதைக் குறித்து வையுங்கள் என்றார்.

பூட்டு வார்டு கட்டிடத்தின் பின்பக்கம். நம்பர் அழுத்தினால்தான் கதவு திறக்கும். நடந்துகொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்படி வட்டமாக ஒரு நடை. ஜன்னல் உண்டு, திறக்காது. என் பதினொரு வருஷத்தில் அங்கே போனவர்களில் முன்பக்கம் திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர். ஆர்தருக்கும் அது தெரியும். "என்னை அங்கே போடாதீர்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

குறிப்பு எழுதும் பொறுப்பை நான் தாட்சாயினியிடம் கொடுத்தேன். எழுத்து சுத்தமாக இருக்கும், ஒரு நாள்கூட விடமாட்டாள். அதனால் கொடுத்தேன். அவள் அதை எப்படிச் செய்வாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அவள் காலையில் முகம் துடைத்துவிடும்போது, "அந்தப் படம் எந்த வருஷம் எடுத்தது, ஆர்தர்?" என்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு என்பார். எழுதிக்கொள்வாள். மூன்று நாள் கழித்து, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, "அந்தப் படம் வந்தபோது உங்களுக்கு என்ன வயது?" என்பாள். "ஐம்பத்தைந்தில் வந்தது. இருபத்து நாலு இருக்கும்" என்பார். எழுதிக்கொள்வாள். அடுத்த வாரம் சாப்பாட்டு மேசையில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, "கலங்கரை விளக்கத்தில் நின்றது எப்போது?" என்பாள். "இறைச்சிக்கு இருந்த ரேஷன் கூப்பனை நிறுத்திவிட்டார்களே, அந்த வாரம். எல்லாரும் மாட்டிறைச்சி தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்" என்று சிரிப்பார். அதையும் எழுதிக்கொள்வாள்.

"இப்படியெல்லாம் குடைஞ்சு கேக்க நீ எங்கம்மா கத்துக்கிட்ட?" என்றேன்.

"என்னட்டை இப்பிடித்தான் கேட்டவை" என்றாள். அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் முடிந்து டாக்டர் வந்தார். தாட்சாயினியின் குறிப்பு ஏழு பக்கம். கடைசி வரி: ஒரே சம்பவத்துக்கு மூன்று காலம் சொல்கிறார், ஒவ்வொரு முறையும் புது விவரம் சேர்க்கிறார், நம்ப முடியவில்லை. கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். படித்துவிட்டுத்தான் போட்டேன். டாக்டர் அந்தப் பக்கங்களைப் பாராட்டினார். இவ்வளவு ஒழுங்கான குறிப்பை எந்த இல்லத்திலும் பார்த்ததில்லை என்றார்.

மறுநாள் ஆர்தரைப் பின்பக்கம் மாற்றினோம். அவர் சத்தம் போடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தாட்சாயினியைப் பார்த்து, "நீ கேட்டாய், நான் சொன்னேன். அவ்வளவுதானே நடந்தது?" என்றார். அவள் அவருடைய செருப்புகளைப் பையில் வைத்தாள்.

ஒரு வாரம் போனது. புதன்கிழமை டோனா நூலகத்திலிருந்து ஒரு டிவிடி கொண்டுவந்து போட்டாள். பாட்டிமார் நச்சரித்துக் கேட்ட கலங்கரை விளக்கப் படம். நான் மாத்திரை வண்டியோடு பின்னால் நின்றேன். தாட்சாயினி ஒரு பாட்டிக்கு கஸ்டர்ட் ஊட்டிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அந்தக் காட்சி வந்தது. புயல், கதவு, கதவை நோக்கிப் போகும் ஒரு மனிதனின் பின்தலை, திரை நிறைய.

தாட்சாயினியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"அக்கா, நிப்பாட்டச் சொல்லுங்கோ. நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

டோனா நிறுத்தினாள். தாட்சாயினி திரைக்குக் கிட்டப் போய் விரலை வைத்தாள். உச்சியில் இரண்டு சுழி. ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் சுற்றி, நடுவில் கொஞ்சம் முடி கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வெள்ளைக்காரர்கள் தலைச்சுழியைப் பார்த்து எதையும் யோசிப்பதில்லை. நம் வீடுகளில்தான் குழந்தை பிறந்ததும் சுழியை எண்ணி, இரண்டு இருந்தால் இரண்டு பெண்டாட்டி என்று கேலி பேசுவோம்.

"ரெண்டு வருஷமா இந்தத் தலைக்கு நான் ஷாம்பு போடுறன் அக்கா. இது ஆர்தற்ற தலை."

அவள் டிவிடி உறையை எடுத்துத் திருப்பினாள். பின்னால் பொடி எழுத்தில் இருந்தது: ஐம்பத்து நாலு ஜூலையில் படப்பிடிப்பு, ஐம்பத்தைந்தில் வெளியீடு. அவள் போனை எடுத்து, இங்கிலாந்தில் இறைச்சிக்கு கூப்பன் எப்போது நின்றது என்று தேடினாள். அதுவும் ஐம்பத்து நாலு ஜூலை.

"மூண்டும் ஒண்டுதான் அக்கா. மூண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று தேநீர் அறையில்தான் அவள் தன் கதையைச் சொன்னாள். ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவள் அவள். அகதி முகாமில் முதல் விசாரணை. அண்ணனை எப்போது பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆவணியில் என்றாள். மொழிபெயர்த்தவர் ஆகஸ்ட் என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் கழித்து இரண்டாவது விசாரணையில் தேதி கேட்டார்கள். செப்டம்பர் பத்து என்றாள். ஆவணி செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும் வரும் என்று நமக்குத் தெரியும், அந்த மேசைக்கு யார் சொல்வது? முதலில் ஆகஸ்ட், இப்போது செப்டம்பர், ஒரே சம்பவத்துக்கு இரண்டு காலம், நம்ப முடியவில்லை என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள்.

"அப்புறம் எப்படித்தான் விசா கிடைச்சுது?"

"அடுத்த முறை அவையின்ர பேப்பரில என்ன இருந்துதோ அதையே சொன்னனான். ஆகஸ்ட். எத்தினை தரம் கேட்டாலும் ஆகஸ்ட். ஒரு சொல்லுக் கூட்டேல்லை, குறைக்கேல்லை. உடனே நம்பிட்டினம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குச் செய்ததை நான் அந்த மனுசனுக்குச் செய்துபோட்டன் அக்கா."

ஏழு பக்கத்துக்கும் கீழே இருப்பது என் கையெழுத்துதானே.

அடுத்த முறை டாக்டர் வந்ததும் இருவரும் போய் நின்றோம். தாட்சாயினி திரையை போட்டோ எடுத்து வைத்திருந்தாள், ஆர்தரின் தலையையும். டாக்டர் இரண்டையும் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"இப்படி இரட்டைச் சுழி லட்சம் பேருக்கு இருக்கும்" என்றார். "நீங்கள்தானே நம்ப முடியவில்லை என்று எழுதினீர்கள்? இப்போது நம்புகிறேன் என்கிறீர்கள். எதை நான் எடுத்துக்கொள்வது?"

வருஷங்களும் கூப்பனும் எப்படிப் பொருந்துகின்றன என்று நான் விளக்கினேன். எழுதிக் கொடுங்கள், கோப்பில் சேர்க்கிறேன் என்றார். வயதானவர்கள் மீது ஊழியர்களுக்குப் பாசம் வருவது இயல்பு, அது கண்ணை மறைக்கும் என்று ஒரு அறிவுரை வேறு. சிட்னி மகளிடமிருந்தும் போன் வந்தது. அந்தப் பெண்ணுக்கு என் அப்பாவிடமிருந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். கேட்டவுடன் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் தாட்சாயினிக்குக் கோபம் வரவில்லை. "அவவும் விசாரிக்கத்தானே வேணும்" என்றாள்.

ஆறு வாரத்தில் மறுபரிசீலனை என்று டாக்டர் தேதி போட்டார். அதற்குள் ஆர்தரிடம் அந்தக் கற்பனை குறைந்தால் முன்பக்கம் அனுப்பலாம், இல்லாவிட்டால் இதுவே நிரந்தரம்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்த பிறகு தாட்சாயினி வீட்டுக்குப் போகவில்லை. நம்பர் அழுத்திப் பின்பக்கம் போனாள். என்னதான் செய்கிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கொஞ்ச நேரம் விட்டு நானும் போனேன்.

ஆர்தர் திறக்காத ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கே போன கொஞ்ச நாளிலேயே நிற்பதை விட்டிருந்தார். எதிரே தாட்சாயினி.

"நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?"

"ஆஷ்டனுக்குப் பதிலாக நிற்கும் ஸ்டாண்ட்-இன்."

"இல்லை. நீங்கள் தச்சர். எவ்வளவு காலம்?"

"தச்சு வேலை இங்கே வந்த பிறகுதான்..."

"வாழ்நாள் முழுக்க. அதைச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் சேர்க்க வேண்டாம்."

"அது பொய்" என்றார் ஆர்தர். அவர் முகம் சிவந்துவிட்டது. "நான் பொய் சொல்கிறேன் என்று நீதான் எழுதினாய். இப்போது பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"ஓம்" என்றாள் தாட்சாயினி, அவரிடமும் தமிழிலேயே. பிறகு இங்கிலீஷில் சொன்னாள்: "நீங்கள் சொன்ன உண்மையை அவர்கள் நம்பவில்லை. அவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வந்த பிறகு உண்மையைப் பேசலாம்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ என்னை நம்புகிறாயா?"

"நம்புகிறேன்."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான்.

பொறுப்பான நர்ஸ் நான். ஒரு நோயாளிக்கு டாக்டரிடம் சொல்லவேண்டிய பதிலைச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அன்றே மேலே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் போனாள். லீவு நாளிலும் மைக்கி என்ற பயண அட்டையைத் தட்டிக்கொண்டு ரயிலில் வந்தாள். என்ன வேலை? தச்சர். எவ்வளவு காலம்? வாழ்நாள் முழுக்க. சினிமாவில் இருந்தீர்களா? படம் பார்த்திருக்கிறேன், எல்லாரையும் போல. ஆஷ்டனைத் தெரியுமா? திரையில் பார்த்ததுதான். முதல் வாரம் ஆர்தர் ஒவ்வொரு பதிலுக்கும் வாலாக ஏதாவது ஒன்று சேர்த்தார், கம்பளிக் காலுறை, வெங்காயம். தாட்சாயினி கையைத் தூக்கி நிறுத்துவாள், திரும்ப முதலிலிருந்து. மூன்றாவது வாரம் வால்கள் குறைந்தன. ஐந்தாவது வாரம் அவள் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் அதே பதில், அதே சொற்கள்.

"ஆள் நல்லாப் பிடிச்சிட்டார் அக்கா. எனக்கு எடுத்ததிலும் பாக்கக் குறைஞ்ச காலம்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குள்ளும் ஒரு குறும்புச் சந்தோஷம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மூன்று பேர் சேர்ந்து டாக்டரை ஏய்க்கப் போகிறோம் என்று.

மறுபரிசீலனை நாளில் டாக்டர் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். நானும் அறையில் இருந்தேன். ஆர்தர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தச்சர். வாழ்நாள் முழுக்க. படம் பார்த்திருக்கிறேன், எல்லாரையும் போல. டாக்டர் நடுவில் திடீரென்று, "ஹியூகோ ஆஷ்டன் எப்படிப்பட்ட மனிதர்?" என்று தூண்டில் போட்டார். "திரையில் பார்த்ததுதான்" என்றார் ஆர்தர்.

அபார முன்னேற்றம் என்று டாக்டர் எழுதினார். சிட்னி மகள் போனில் அழுதாள். வெள்ளிக்கிழமை ஆர்தர் பதினாலாம் நம்பர் அறைக்குத் திரும்பினார். தாட்சாயினி அவருடைய கோட்டைத் தேய்த்து மாட்டி, ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தாள்.

அடுத்த புதன்கிழமை அவளே டோனாவிடம் சொல்லிக் கலங்கரை விளக்கப் படத்தைப் போடவைத்தாள். ஆர்தரை முன்வரிசையில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தியேட்டருக்குக் கூட்டிப்போக முடியாத குறைக்கு இது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றேன். புயல் வந்தது. கதவு வந்தது. அந்தப் பின்தலை திரை நிறைய வந்தது.

"ஆர்தர்" என்றாள் அவள் குனிந்து. "டாக்டர் இல்லை. இனி நான் ஒன்றும் எழுதமாட்டேன். சொல்லுங்கள், அது யார்?"

"ஆஷ்டன்" என்றார் ஆர்தர். "நல்ல நடிகர்."

"அது நீங்கள். அன்று அவருக்குக் காய்ச்சல்."

"நானா?" அவர் சிரித்தார். "நான் தச்சர், அம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். அவருக்கு எங்கள் மேல் சந்தேகம் போகவில்லை, பயந்துபோய்ச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். தாட்சாயினி நாற்காலியில் இருந்து இறங்கி அவர் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். இங்கிலாந்தில் இருந்தபோது காலையில் எங்கே வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டாள். பட்டறைக்கு என்றார். கொஞ்சம் பொறுத்து, அவர் மனைவி அவரிடம் வாங்கிய சத்தியம் எதைப் பற்றி என்று கேட்டாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார், அப்படி எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை என்றார். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, அங்கே மணிக்கணக்கில் நிற்பீர்களே, அது ஏன் என்று கேட்டாள்.

"நின்றேனா? எதற்கு?" என்றார் ஆர்தர், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் போல. பிறகு அவள் கண்ணீரைப் பார்த்துப் பதறி, தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டிமார் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் அவள் தோளைத் தொட்டேன். "பயத்துல சொல்றார்மா. ரெண்டு நாள் போகட்டும், சரியாயிடும்."

தாட்சாயினி இல்லை என்று தலையை ஆட்டினாள். அந்தக் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பொய் சொல்லுற ஆக்களை எனக்குத் தெரியும் அக்கா. இவர் பொய் சொல்லேல்லை."